ஆறு வாரம் பொறுக்காத ஊசி

கோரிப்பாளையம் சிக்னலில் எதிரே வந்த ஒரே பஸ் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக் கடைக்குப் போய்விட்டேன். மதியம் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

எனக்கு முகத்துடிப்பு நோய் உண்டு (ஒரு பக்க முகத்தசைகள் தானாக இழுத்துக்கொள்வது). இடது கண் தன்னிஷ்டத்துக்குச் சிமிட்டும். ஜவுளிக்கடையில் பெண்களுக்குச் சேலை விரித்துக் காட்டுகிறவனுக்கு வரக்கூடாத நோய். நரம்பு மருத்துவர் போடும் போட்டுலினம் ஊசியில் (தசையைத் தளர்த்தும் நச்சு, மிகச் சிறிய அளவில்) சில மாதம் அடங்கியிருக்கும்.

இந்த முறை சரியாக அடங்கவில்லை. உசிலம்பட்டியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் நான்தான் பிள்ளையை மடியில் வைத்து உட்கார வேண்டும். ஊர் முன்னால் கண்ணடித்துக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது. அடுத்த ஊசிக்கு இன்னும் ஆறு வாரம் ஆகவேண்டும் என்றார் மருத்துவர். நான் பேசாமல் ஓர் அழகு சிகிச்சை நிலையத்தில் போட்டுக்கொண்டேன். முந்தைய ஊசியைப் பற்றி அங்கே மூச்சு விடவில்லை. அதற்கு ஐந்தாம் நாள்தான் பஸ் இரண்டானது.

மறுநாள் இமையைத் தூக்க முடியவில்லை, தலை நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"இது போட்டுலிசம் (நச்சு பரவித் தசைகள் செயலிழப்பது). எதிர்நஞ்சு மருந்து போடுறோம், அது ரத்தத்துல மிச்சமிருக்கிறதத்தான் பிடிக்கும். நரம்புல ஏறினத எடுக்க முடியாது. நரம்பு புதுசாத் துளிர்க்கணும்" என்றார் டாக்டர்.

"எம்புட்டு நாளாகும்?" என்றாள் அக்கா.

"மாசக்கணக்குல."

மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. செத்துவிடுவேன் என்று பயந்தேன், பயத்தைக் காட்ட முகமே இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் கண்ணப் பாக்கவாடா ஊரு வருது? நான் மடிதானடா கேட்டேன்" என்றாள்.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். அதன்பின் டாக்டர் தினமும் தலையைத் தூக்கச் சொல்லி எண்ணுவார். முதல் நாள் இரண்டு வரை நின்றது. பிறகு ஐந்திலேயே ஒரு வாரம் கிடந்தேன். காலண்டர் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் பயப்பட வேண்டாம். முன்பு போட்டதை மட்டும் மறைக்காதீர்கள். பார்வை இரண்டானாலோ, விழுங்கச் சிரமமானாலோ அன்றே போய்விடுங்கள். நான் ஒரு நாளை வீணாக்கினேன்.

காதுகுத்தை ஐந்து மாதம் தள்ளிவைத்தார்கள். அதற்குள் பிள்ளை நன்றாகக் கனத்திருந்தாள். ஊசி இறங்கியதும் துள்ளி, பின்தலையால் என் தாடையில் இடித்தாள். நான் பிடியை விடவில்லை.

"முடிஞ்சிருச்சுடா, பிள்ளயக் குடு" என்றாள் அக்கா.

"இருக்கா, தாரேன்" என்றேன். கொடுக்க மனம் வரவில்லை. கைகள் நான் சொன்னபடி இறுகியிருந்தன.