தண்ணீர் காணாத படகு

றொவீனா வாய்க்காரி என்று மட்டக்களப்பு டவுனில் பெயர் வாங்கியவள். தச்சுவேலை செய்யும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பத்தில் பிறந்து, மீன்களைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற்று, சண்டை முடிந்த மறு வருடம் வெளிநாட்டு உதவியில் நடந்த வாவித் திட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கணினியில் அவள் வாவிக்கு ஒரு கணக்கு மாதிரியைக் கட்டினாள். பாசியை மணலை மீன் தின்னும், மணலையையும் இறாலையும் கொடுவா தின்னும், எல்லாவற்றையும் மனிதன் தின்பான். யார் எவ்வளவு தின்றால் வாவி தாங்கும் என்று அந்த மாதிரி சொல்லும். பெற்ற பிள்ளையைப் போல அதைக் கொண்டாடித் திரிந்தாள்.

பிள்ளை வாய் திறந்து சொன்ன முதற்சேதி நல்லதாக இல்லை. சுனாமிக்குப் பிறகு படகுகள் பெருகிவிட்டன, பிடிபட்ட மீனோ குறைந்துகொண்டே வந்திருக்கிறது, ஆகவே வாவியில் மீன் அற்றுப்போகிறது என்றது அது. வாவியின் தென்பக்கத்தை இரண்டு வருடம் மூடவேண்டும் என்று திட்டத் தலைவர் நல்லரத்தினம் அறிக்கை எழுதினார். அதிகாரிகள் கூட்டத்தில் அது நிறைவேறினால் நாவற்குடாவிலிருந்து தேற்றாத்தீவு வரை ஒருவரும் வலை வீசமுடியாது. சண்டைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்து காய்ந்த சனத்துக்கு, கதவு திறந்த கையோடு இன்னொரு பூட்டு.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவள், கோழிகளுக்கு அரிசி போட முற்றத்துக்குப் போனாள். அங்கே அப்பா பேர்சியின் நீலப் படகு கவிழ்ந்து கிடந்தது. சுனாமி முகாமில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகப் படகு கொடுத்தபோது, உளியைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத அந்த மனுசனுக்கும் ஒன்று கிடைத்தது. மனைவியைக் கடல் கொண்டுபோன பிறகு அவர் தண்ணீர்ப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. படகுக்கு அடியில் கோழிகள்தான் குடியிருந்தன.

அரிசி அளக்கும் சுண்டு கையில் இருக்க, றொவீனா அப்படியே நின்றுவிட்டாள். நன்கொடையாகக் கொடுத்த படகு அத்தனையையும் அவள்தான் கணினியில் ஏற்றியிருந்தாள், இதையும் சேர்த்து. இந்தப் படகு நாள்தோறும் வாவிக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவதாக அவளுடைய மாதிரி நம்பியிருந்தது. ஊரில் இப்படி எத்தனை முற்றத்தில் எத்தனை படகு? உண்மையான மீனவர்களின் படகுகளுக்கும் சண்டை முடியும்வரை இராணுவம் இரவில் தடை போட்டிருந்ததே. மீன் குறைந்ததோ இல்லையோ, மீன்பிடி குறைந்திருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது.

“அறிக்கை போயிற்றுது, றொவீனா,” என்றார் நல்லரத்தினம், மறுநாள் அவள் முற்றத்துப் படகைப் பற்றிச் சொன்னதும். “இப்ப மாத்தினால் திட்டத்தையே இழுத்து மூடுவாங்கள். உம்மட வேலையும் போகும்.”

“போகட்டும் சேர். மாதிரி பிழையில்ல. நாமதான் அதுக்குப் பொய்யச் சோறாத் தீத்தியிருக்கம்.”

“உம்மட்ட என்ன ஆதாரம் இருக்கு?”

அவள் நேரே வீட்டுக்குப் போனாள். “பப்பா, உங்கட படகு வேணும்,” என்றாள்.

“எதுக்கு மகள்? மீன் பிடிக்கவா?”

“ஓம். பெரிய மீன்.”

பேர்சி மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, படகுக்கு அடியிலிருந்த கோழிகளை விரட்டினார்.

கூட்டத்தன்று காலை, றொவீனாவும் பேர்சியும் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கொண்டுவந்த படகு மண்டப வாசலை அடைத்துக்கொண்டு இறங்கியது. உள்ளே, கோழிகள் ஏறித் தூங்கிய குறுக்குப் பலகைகளில் எச்சம் காய்ந்து கிடந்தது. தலைமை தாங்க வந்த அதிகாரி மூக்கைப் பொத்தினார்.

“என்ன கோலம் இது?”

“உங்கட கணக்கில வாவி மீனையெல்லாம் அள்ளின படகு சேர்,” என்றாள் றொவீனா. “ஒருநாளும் தண்ணி கண்டதில்ல. வாவியில மீன் இல்லாட்டி மூடச் சொல்லி நானே வந்து நிப்பன். அதுக்கு முதல் தொழிலுக்குப் போன படகுகள மட்டும் எண்ணுவம்.”

“அதைப் பிறகு பேசலாம். முதலில் இதை எடுங்கள்.”

“முதல்ல நீங்க கணக்கில இருந்து எடுங்க. பிறகு நான் வாசல்ல இருந்து எடுக்கிறன்.”

அதிகாரி காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி கிட்டே வருவதற்குள் பேர்சி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படகுக்குள் ஏறி உட்கார்ந்தார். கிடைத்த நாளிலிருந்து அவர் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாதத்தோடு றொவீனாவின் வேலை போனது. ஆனால் அன்று மத்தியானம், மூடும் தீர்மானத்தைத் தள்ளிவைத்துப் படகுகளை மறுபடி எண்ணுவதென்று முடிவானது. அதுவரைக்கும் பேர்சி இறங்கவில்லை.