சிரித்த கல்லாக்காரர்

ஏட்டம்மா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டதே இல்லை, மார்தட்டித்தான் சொல்வார். போலீஸ் ஆள் எடுப்பில் தன்னோடு ஓடிய பெண்களெல்லாம் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட பிறகு, யாரும் கேட்காமலேயே இன்னொரு சுற்று ஓடிக் காட்டியவர். சிபாரிசு கிடையாது, பெரிய இடத்துச் சொந்தம் கிடையாது. சட்டைக் கையில் இருக்கும் ஒவ்வொரு பட்டையும் சொந்தச் சம்பாத்தியம். அப்படி ஒரு ஏட்டம்மா அந்த ஸ்டேஷனுக்கு முன்னால் வந்ததும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. மிகையாகத் தோன்றினால் மருந்துக்கடைக் கல்லாக்காரரைப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மனிதர் மாட்டிக்கொண்ட கதை இதுதான். முந்தின நாள் கடை அடைக்கும் நேரம். ஹெல்மெட் மாட்டிய ஒருவன் பின்கதவு வழியாக வந்து அவர் கழுத்தில் கத்தியை வைத்தான். தரையில் குப்புறத் தள்ளினான். முன்பக்க ஷட்டரை இறக்கிவிட்டு, கல்லாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பணத்தைப் பறிகொடுத்தவர் அழ வேண்டும், இல்லை கத்த வேண்டும். கல்லாக்காரரோ ஸ்டேஷனில் உட்கார்ந்து சிரித்தார். கத்தி என்று சொல்லும்போது சிரித்தார், கழுத்து என்று சொல்லும்போது இன்னும் சிரித்தார். ஒரு தடவை சொன்னபோது கத்தி முதலில் வந்தது, மறு தடவை பின்கதவு முதலில் வந்தது.

"பாத்தீங்களா சார், பணத்த முழுங்கிட்டு எப்படிப் பல்ல இளிக்கிறான்னு!" என்று கொதித்தார் கடை முதலாளி. "இவனே ஆள் வெச்சு செஞ்சிருக்கான்."

இன்ஸ்பெக்டருக்கும் அப்படித்தான் பட்டது. சாயங்காலத்துக்குள் கைது என்று முடிவாகிவிட்டது. வெளியே பெஞ்சில் கல்லாக்காரரின் மனைவி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஏட்டம்மா நேரே இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனார்.

"ஐயா, அந்தாள் சிரிக்கல."

"என்ன ஏட்டம்மா, ஸ்டேஷனே கேக்குது!"

"பயம் சிரிப்பா வருது ஐயா. புள்ள லாரியில அடிபட்ட சேதி கேட்டு, உக்காந்து பாத்திரம் தேய்ச்ச அம்மாவ நான் பாத்திருக்கேன். வீட்டுல கொள்ளை போனப்புறம், போலீஸ்காரங்களுக்கு நிம்மதியா பாய் விரிச்சுப் போட்டவரப் பாத்திருக்கேன். எனக்குத் தெரியாததா? கொஞ்ச நேரம் என்கிட்ட விடுங்க. ஒண்ணும் வரலேன்னா நீங்க சொல்றதுதான்."

"உங்க பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? போங்க," என்றார் இன்ஸ்பெக்டர், பாதி கேலியாக.

விசாரணை அறையில் கல்லாக்காரர் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் லத்தியோடு ஒரு காவலர் நின்றார். ஏட்டம்மாவுக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து கத்தி வைக்கப்பட்டவனுக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்தி வைத்தால் அவன் எதைச் சொல்வான்? காவலரை அனுப்பினார். நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக் கதவைப் பார்க்கத் திருப்பினார். கதவைத் திறந்தே வைத்தார். இரண்டு டீ வரவழைத்தார்.

"அண்ணே, முதல்லேருந்து வரிசையா சொல்லணும்னு இல்ல. எது தோணுதோ அதச் சொல்லுங்க. சிரிப்பு வந்தா சிரிச்சுக்குங்க. நான் டீ குடிக்கிறேன்."

அவர் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஏட்டம்மா நிதானமாக டீயை ஊதிக் குடித்தார். சிரிப்பு தேய்ந்து தேய்ந்து நின்றது. அவரும் டீயை எடுத்தார்.

"கீழ கிடந்தப்ப காதுல என்ன விழுந்துச்சுண்ணே?"

"ஃபேன் ஓடுற சத்தம்... என் மூச்சு... அப்புறம் ஷட்டர்..." கல்லாக்காரர் நிறுத்தினார். கண் விரிந்தது. "அது சிக்கிக்கலக்கா!"

"எது சிக்கிக்கல?"

"எங்க ஷட்டர் பாதியில நின்னுடும். லேசா மேல தூக்கி, வலது ஓரத்துல ஒரு உதை விட்டாத்தான் இறங்கும். புதுசா வர்றவன் தொங்கிப் பாத்தாலும் அசையாது. நேத்து வந்தவன் தூக்கினான், உதைச்சான், சர்ருன்னு இறங்கிடுச்சு."

"அந்த உதை யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். முதலாளி ஷட்டர் பக்கமே வர மாட்டார்." குரலைத் தாழ்த்தினார். "அவரோட மச்சானுக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தான்."

இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். "இவரே யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"இருக்கலாம் ஐயா. அதனாலதான் மச்சானையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

"என் பொண்டாட்டியோட தம்பியா?" என்று முதலாளி குதித்தார். "என் வீட்டுச் சோறு தின்னு வளர்ந்தவன்!"

அந்தச் சோறு நன்றாகத்தான் வேலை செய்திருந்தது. ஹெல்மெட், கத்தி, பணப்பை எல்லாம் முதலாளி வீட்டுப் பரணிலேயே கிடைத்தன. மச்சான் முதல் அதட்டலுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து கல்லாக்காரரின் கையைப் பிடித்தார். "தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க," என்றார். பெரிய மனசு, ஏட்டம்மாவும் அதை ஒப்புக்கொண்டார்.

பிறகு ஏட்டம்மா கல்லாக்காரரின் மனைவியைத் தனியே அழைத்தார். "இந்தா தங்கச்சி, கொஞ்ச நாளைக்கு அவருக்குக் கதவு சாத்துற சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடும். கேலி பண்ணாத. பின்னால போய்த் தொடாத, முன்னால வந்து பேரச் சொல்லிக் கூப்பிடு. தூக்கம் போச்சுன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "நாளைக்குக் கடைக்கு வந்துடுப்பா."

"எப்ப வரணும்னு அவர் சொல்வார்," என்றார் ஏட்டம்மா. "உங்களுக்கு இப்ப வேற வேலை இருக்கு. காலையிலேருந்து கடைத்தெரு பூரா இவர் பேரு நாறிக் கிடக்கு. அத யாரு கழுவுறது?"

முதலாளி ஆட்டோவைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். ஏட்டம்மா அந்தக் கையை இறக்கிவிட்டார்.

"கடைத்தெரு வழியா நடந்துதான் போறோம்."

வெயில் சாயாத நேரம். கணவனும் மனைவியும் முன்னால், பக்கத்தில் முதலாளி, எல்லோர் மேலும் ஒரு கண் வைத்தபடி ஏட்டம்மா. காய்கறிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, விட்டுட்டாங்களா?" என்று இழுத்தார். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "இவர் மேல தப்பில்ல, எடுத்தது எங்க வீட்டு ஆளு," என்று முனகினார்.

"அவருக்குக் காது மந்தம், சத்தமா!" என்றார் ஏட்டம்மா.

தையல்கடை வாசலில் முதலாளி சத்தமாகவே சொன்னார். செருப்புக்கடை வந்தபோது யாரும் கேட்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். கல்லாக்காரர் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.