மருமகள் போனில் ஓடும் ஆபீஸ்

எனக்கு எழுபத்தி மூணு வயசு. பெத்து வளர்த்தது நாலு பேரை, நாலு பேரும் நல்லாத்தான் இருக்கறாங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதறா.

பல்லடத்துல சின்ன மகன் தறி ஓட்டறான். ஊட்டுக்கு முன்னால ஆபீஸ், பின்னால தறி ஷெட்டு. ஆபீஸ் சாவி எங்கிட்டத்தான். காலையில மேனேஜரு வந்து, "பெரியம்மா, சாவிங்க"ன்னு நின்னு நாலு வார்த்தை பேசினாத்தான் எனக்குக் காப்பி எறங்கும்.

குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டினவங்க நெட்டு ஒயரை அறுத்துப்போட்டாங்க. கம்ப்யூட்டரெல்லாம் சும்மா கெடந்துது. சின்ன மருமக, இந்தப் பேத்தியோட அம்மா, அவ போனை எடுத்து என்னமோ தடவினா. அந்தப் போன்ல வார நெட்டுலயே ஆபீஸ் முச்சூடும் ஓட ஆரம்பிச்சுருச்சு. மத்தவங்க போனுக்கு அங்க டவர் கெடைக்காது. அவளுக்கும் எனக்கும் ஒரே கம்பெனி சிம்மு, அது மட்டுந்தான் எடுக்கும்.

அப்புறம் மேனேஜரு சாவியை வாங்கினதும் திரும்பிக்குவாரு. "அக்கா வந்துட்டாங்களா?" இதுதான் பேச்சு. அவளும் போனைக் கைக்கொழந்தையாட்ட நெஞ்சோட வெச்சுட்டு வருவா. எனக்கு வயிறு எரியும். நான் சாப்பிட்டனான்னு கேக்காத எம்பையன், அவ போன்ல சார்ஜ் இருக்குதான்னு ஓயாமக் கேட்டான்.

"ஏஞ்சாமி, எம்போன்லயும் நெட்டு இருக்குதல்லோ?" ன்னேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா தொந்தரவு?"

"எனக்கென்ன, நெட்டை நானா சொமக்கறேன்?"

மருமக ஒரு வேலையா பீளமேடு போனன்னைக்கு வேற வழியில்லாம எம்போனைப் போட்டு உட்டாங்க. "இன்னைக்கு எங்களுக்குப் பெரியம்மாதானுங்க!" ன்னாரு மேனேஜரு. நாற்காலியில நல்லாச் சாஞ்சு உக்காந்தேன்.

சாவியோ வெத்தலையோ, எங்கைக்கு வந்தது இடுப்புக்குத்தான் போகும். பின்னால ஒரு தறி நின்ன சத்தம் கேட்டுது. போனை இடுப்புல சொருகிட்டுப் பாக்கப் போனேன். இங்க ஆபீஸ் வாசல்ல சரக்கேத்தின லாரி நிக்குது, பில்லுப் பாதியில நெட்டுப் போயிருச்சு. கம்பெனிக்காரனைத் திட்டிட்டு உக்காந்திருந்தாங்க. நான் உள்ள வந்தேன், நெட்டு வந்துது. வெத்தலை துப்ப வெளிய போனேன், போயிருச்சு.

"அட, பெரியம்மா போனா நெட்டும் கூடவே போகுதுங்க!"

"மேசை மேல வெச்சுட்டுப் போங்கம்மா," ன்னான் பையன்.

"எம்பொருளைக் கண்ட எடத்துல வெக்கமாட்டேன்."

அதுக்குள்ள மருமக வந்துட்டா. பையன் மொகத்துல அப்பத்தான் வெளிச்சம். "அம்மணி, உன்னுதைப் போடு."

"அத்தையே போடட்டுங்க, எனக்குச் சமையல் கெடக்குது," ன்னா அவ, பெரிய மனசாட்ட.

மேனேஜரு கையெடுத்துக் கும்பிட்டாரு. "வேண்டாங்கக்கா! லாரியையும் பெரியம்மா பின்னாலயே ஓட்டச் சொல்லோணும்!"

எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் வாயைப் பொத்திட்டுச் சிரிச்சா. லாரி அவ போன்லதான் கெளம்புச்சு. ஒயரு இன்னும் வரலை, ஆபீஸ் இன்னைக்கும் அவ போன்லதான் ஓடுது. எம்போன் எங்கூடச் சும்மா சுத்துது.

எங்கண்ணு, எழுதினதைப் படி பாக்கலாம். உங்கம்மா சிரிச்சதை உட்டுப்போட்டியா? உடாதே. சமையக்கட்டு வரைக்கும் கேக்கறாப்புலச் சத்தமாப் படி.