கமிட்டி என்பது என் நாத்தனார்

என் நாத்தனாருக்குக் குரல் நன்றாக இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு அவளைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூட விழாக்களில் மைக் பிடித்தவள். பட்டம் வாங்கி நாலு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தவளை, அந்தக் குரலுக்காகவே ஒரு தனியார் பல்கலைக்கழகம் வேலைக்கு எடுத்தது. காதில் ஹெட்போன், முன்னால் கம்ப்யூட்டர், பக்கத்தில் தொண்டைக்கட்டு மாத்திரை டப்பா. விண்ணப்பம் போட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டு, "வாழ்த்துகள், உங்களுக்கு மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு" என்று சொல்வதுதான் எட்டு வருடமாக அவள் பிழைப்பு.

கேட்கிறவர்களுக்குக் காது குளிரும். ஆனால் அங்கே விண்ணப்பித்து ஸ்காலர்ஷிப் கிடைக்காதவர் என்று ஒருவர்கூட இல்லை. தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் என்றால் முழுக் கட்டணமும் தள்ளுபடி, தொண்ணூறு என்றால் பாதி, எண்பது என்றால் கால். அதற்கும் கீழே இருந்தால் 'ஊக்கப் பரிசு'. சேரும்போது யாருமே கட்டாத ஒரு கட்டணத்தை அச்சடித்து வைத்துக்கொண்டு அதிலிருந்து கழித்துக் கொடுப்பதற்குப் பெயர், திறமைக்கு மரியாதை! துணிக்கடைக்காரன்கூட இதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் செய்வான்.

எதிர்முனையில் யாராவது தயங்கினால், "லைன்லயே இருங்க, கமிட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பாள். பட்டனை அழுத்தினால் அந்தப் பக்கம் இசை ஓடும். இவள் தண்ணீர் குடிப்பாள், நாற்பது வரை எண்ணுவாள். பிறகு, "உங்களுக்காக இன்னும் பத்து சதவீதத்துக்குக் கமிட்டி ஒத்துக்கிச்சு." இதை அவளே எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே நடித்துக் காட்டினாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஏமாறுவது வேறு யாரோ என்றால் சிரிப்பு நன்றாகத்தான் வருகிறது.

என் மகள் தொண்ணூற்றாறு சதவீதம் வாங்கினாள். நாத்தனாரின் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தாள். அரசுப் பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் உறுதி செய்ய வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். புதன்கிழமை நாங்கள் இருவரும் என் ஜெராக்ஸ் கடையில் இருந்தபோது மகளின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாழ்த்துகள். உங்களைக் கமிட்டி தேர்ந்தெடுத்திருக்கு."

"அத்தையா?" என்றாள் மகள்.

 அது காதில் விழாத மாதிரி அதே குரல், "உங்க திறமைய மதிச்சு முழு ஸ்காலர்ஷிப். வெள்ளிக்கிழமைக்குள்ள சேந்துடணும்மா" என்று முடித்தது.

பேசுவதெல்லாம் பதிவாகும், அதனால்தான் அத்தை உறவு கொண்டாடவில்லை என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான என் கணவர் மட்டும், "கையில இருக்கற அரசு சீட்ட விட்டுடலாமா?" என்று முனகினார். "உங்க தங்கச்சியவே நம்ப மாட்டீங்களா?" என்று அவர் வாயை அடைத்தேன். அன்றிரவு நாத்தனாரையும் கேட்டேன். "சேரட்டும் அண்ணி, நான் இருக்கேன்ல" என்றாள். மற்றவர்களுக்குக் கொடுப்பது நாடகம், என் பிள்ளைக்குக் கொடுப்பது மெரிட் என்ற பூரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அரசு இடத்தை விட்டுவிட்டு அங்கே சேர்த்தோம். ஸ்காலர்ஷிப் கடிதம் நான்கு பக்கம். முதல் பக்கத்தைக் கலரில் பத்துப் பிரதி எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் பத்துக்கு ஒன்பது புள்ளிக்கு மேல் எடுக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் ரத்து, அதன்பின் முழுக் கட்டணம் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. நாள் முழுவதும் அடுத்தவர் காகிதத்தைப் புரட்டுகிறவள் நான். என் வீட்டுக் காகிதத்தைப் புரட்டவில்லை. அதற்கு எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன்.

வருடக் கடைசியில் மகள் எட்டு புள்ளி ஏழு எடுத்தாள். கமிட்டி வருந்துவதாகக் கடிதம் வந்தது. மீதி மூன்று வருடக் கட்டணம் எங்கள் வீட்டை விற்றாலும் வராது. அரசு இடமோ போனது போனதுதான். மகள் புத்தகங்களைக் கட்டி மேலே அட்டத்தில் ஏற்றிவிட்டுக் கடைக்கு வந்து, காகிதங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்க உட்கார்ந்தாள்.  கடையை அவளிடம் விட்டுவிட்டு நேரே பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

நாத்தனார் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது வேணும்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாயில இருந்த முத்து உதிர்ந்திருக்குமா?"

"நாலாம் பக்கத்துல இருந்துச்சே அண்ணி."

தட்டைத் தூக்கி அவள் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. "நூறு பேர்ல எத்தனை பேரு ஒன்பதத் தாண்டுவாங்கன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"ஏழு பேரு." யோசிக்காமல் சொன்னாள்.

"தெரிஞ்சே ஏன்டி சேரட்டும்னு சொன்ன?"

பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். குடிக்கவில்லை. "வாரத்துக்கு இருபத்தஞ்சு பேரச் சேக்கணும் அண்ணி. அந்த வாரம் எனக்கு ஒரு ஆளு குறைஞ்சுது."

அதற்குமேல் அவளோடு எனக்குப் பேச்சு இல்லை, இன்றுவரை இல்லை. கடைக்குத் திரும்பியதும், அத்தை என்ன சொன்னாள் என்று மகள் கேட்டாள். ஒன்றும் செய்ய முடியாதாம் என்று மட்டும் சொன்னேன். தன் தொண்ணூற்றாறைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள், தான்தான் அதைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை மாற்ற எனக்கு வாய் வரவில்லை.