கமலாவின் சப்பைத் தலை

போன சனிக்கிழமை எங்கள் ஆபீஸுக்கு ஒரு மண்டை ஓடு வந்தது. பயப்படாதீர்கள்... தானாக வரவில்லை. பழைய எலும்புகளை ஆராயும் கல்கத்தா புரொஃபசர் ஒருவர், கார் நிக்கோபார் தீவிலிருந்து வரும் கப்பலில் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்தார். அவருக்குக் கூடமாட உதவ என்னைப் போட்டிருக்கிறார்கள்.

"பின்பக்கம் பாருங்கள், சப்பை" என்றார். அந்தக் காலத்தில் அந்தத் தீவில் தாய்மார்கள், பிறந்த குழந்தையின் தலையைக் கையால் அமுக்கி அமுக்கித் தட்டையாக்குவார்களாம். அதுதான் அழகாம். ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'டிஃபார்மிட்டி', அதாவது கோணல்.

என் நாலு மாதப் பெண் கமலாவுக்கும் அச்சாக இதே தலை!

காரணம்தான் வேறு. இங்கே பத்துபஸ்திப் பேட்டையில் எங்கள் குவார்ட்டர்ஸில் தூளி கட்ட உத்தரம் கிடையாது. பலகைக் கட்டிலில் மல்லாந்தே கிடந்து பின்மண்டை தட்டையாகிவிட்டது. என் மனைவி ராஜத்துக்குக் கட்டிலைத் திட்டித் திட்டி ஓயாத அழுகை. "பொண்ணாச்சேங்க... நாளைக்குச் சடை பின்னினா எங்க நிக்கும்? ஊருக்குப் போனா என்ன சொல்லுவாங்க?" தினமும் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, தலையை உருண்டையாக்க அமுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

இதைப் புரொஃபசரிடம் சொன்னேன். உருண்டையாக்குவதும் டிஃபார்மிட்டிதான் என்று சிரித்தார். இடுக்கி மாதிரி ஒரு கருவியால் என் தலையையே அளந்தார். "உங்கள் அம்மாவும் நன்றாக உருட்டியிருக்கிறார்!"

"அப்படியானால் கை படாத மண்டை எது சார்?" என்று கேட்டேன். மனிதர் அந்த இடுக்கியைத் தன் வழுக்கையிலேயே வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். எது நேர், எது கோணல்? எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விட்டது.

வீட்டுக்கு ஓடினேன் — அமுக்காதே என்று சொல்ல. ராஜம் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போலக் கண்ணில் நீர். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு நர்ஸ் ரோஸ் வந்தார். கார் நிக்கோபார்காரர். கமலாவின் பின்மண்டையைத் தடவியவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அரே பாபி! கித்னா சுந்தர் சிர்! கிஸ்னே தபாயா?"

அண்ணி, எவ்வளவு அழகான தலை, யார் இப்படி அமுக்கியது என்று இந்தியில் கேட்கிறார். அவர் ஊர்ப் பெரியவர்கள் பார்த்தால் குழந்தையைக் கீழேயே விடமாட்டார்களாம்.

ராஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். ரோஸைப் பார்த்தாள்.

"மைனே!" என்றாள். "நானேதான்!"

பாவம் அந்தப் பலகைக் கட்டில்... இத்தனை நாள் திட்டு வாங்கியது அது, பேர் வாங்கியது இவள்!