ஆறுதலா இருங்கோ

கதவைத் திறந்ததுமே ஒன்று குறைந்தது. வாசனை. சிகரெட் புகை, புளித்த ஆப்பிள் வைன், நனைந்த கம்பளிக் கோட்டு, அடுக்களையில் வதங்கும் வெங்காயம் எல்லாம் கலந்த ஒரு நெடி அந்தக் கடையில் எப்போதும் நிற்கும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் தலைமுடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும். இப்போது புது வார்னிஷ் மணக்கிறது.

பிராங்பேர்ட்டில் ஒரு நண்பர் மகள் கல்யாண வரவேற்பு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து நானும் சுமதியும் வந்திருந்தோம். வரவேற்புக்கு நேரமிருந்தது. "அந்தக் கடை இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வருவோமாங்க?" என்று கேட்டது சுமதிதான். இருந்தது. 'பழமை மாறாமல் புதுப்பிக்கப்பட்டது' என்று வாசலில் ஜெர்மனில் எழுதி வைத்திருந்தார்கள். பழுப்பேறிய மரச்சுவரைச் சுரண்டி வெளுப்பாக்கி, மஞ்சள் பூத்த கூரைக்கு வெள்ளையடித்து, அறுபதாம் கல்யாணத்துக்குத் தலைக்கு மை பூசிக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது கடை. அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குத்தான் மனசு வரவில்லை.

இந்த மாதிரிக் கடையை இங்கே க்னைப்பே என்பார்கள். ஊரில் யாராவது கேட்டால் என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பார் என்றால் தப்பாக நினைப்பார்கள். நான் சொல்வது, மதுவும் விற்கிற டீக்கடை. தெருக்காரர்கள் தினமும் வருவார்கள், அதே இடத்தில் உட்காருவார்கள், அதே பேச்சைப் பேசுவார்கள். ஜன்னலோரம் ஒரு பெரிய மேசை இருந்தது. அது மூன்று கிழவர்களுக்குச் சொந்தம். அவர்கள் வந்ததும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம், அவ்வளவுதான். நானோ, பரிமாற ஆள் வரவில்லை என்று கோபப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, முதல் வாரம் முழுக்கக் கடைக்காரி ஹெல்காவுக்காகப் பரிதாபப்பட்டேன்.

சுமதி புது மெனு அட்டையைப் புரட்டி, ஒரு வரியில் விரல் வைத்துச் சிரித்தாள். 'இசையுடன் கைச்சீஸ்.' அது என் மானம் போன கதை. கையால் உருட்டிய சீஸ்மேல் வினிகரும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள். ஹெல்காவிடம் அதைக் கேட்டு வாங்கி, இசை எப்போது தொடங்கும் என்று மூலையில் இருந்த ரேடியோவைப் பார்த்தபடி நான் காத்திருந்தேன். இசை என்பது வெங்காயம் வயிற்றுக்குள் போனபிறகு நடக்கும் கச்சேரி என்று கிழவர்களில் ஒருவர் நடித்துக் காட்டித்தான் எனக்குப் புரிந்தது.

கைச்சீஸ் தின்னும் அளவுக்கு எனக்கு அந்தக் கடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இல்லாததுதான் காரணம். யூரோ புழக்கத்துக்கு வந்த புதிது. கணினிக் கம்பெனிகள் வந்த வேகத்தில் மூடிக்கொண்டிருந்தன. நான் இருந்த சிறிய கம்பெனியும் ஒரு காலை எங்களைக் கூப்பிட்டுக் காபி கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவிட்டது. விசா அந்த வேலையோடு ஒட்டியது. சில மாதத்துக்குள் வேறு வேலை தேடியாக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

கல்யாணமாகி அப்போது அரை வருஷம்கூட ஆகவில்லை. சுமதி திண்டுக்கல்லில் பள்ளிக்கூட டீச்சர். அடுத்த மாதம் அவள் இங்கே வருவதாக டிக்கெட் போட்டாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவள் வேலையை ராஜினாமா செய்யப்போகிறாள். அது நல்ல வேலை. விட்டால் மறுபடி கிடைக்காது. அதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் போனை எடுப்பேன், சாப்பிட்டாயா என்று கேட்பேன், வைத்துவிடுவேன். புது மாப்பிள்ளைக்கு அதற்குமேல் வாய் வரவில்லை.

என் அறைக்குக் கீழ் வீட்டுக்காரம்மா இருந்தார். வேலையில்லாதவன் என்று தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, தினமும் டை கட்டி, பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். காலையில் நூலகம். மத்தியானம் இந்தக் கடை. ஒரு ஆப்பிள் ஜூஸ் சோடாவைச் சாயங்காலம்வரை இழுக்கும் கலையில் நான் அப்போது கெட்டிக்காரன்.

அடுக்களையில் சமைத்தவர் பவானி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக்குத் தப்பி வந்து பல வருஷமாகிறது, பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். முதல் நாளே கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "நீங்கள் தமிழோ?" என்றார். மதுரை என்றேன். "ஓ, இந்தியா" என்று உள்ளே போனவர், என் உருளைக்கிழங்குக்கு வைக்கும் பச்சைச் சாஸில் ஒரு முட்டை கூடுதலாக வைத்து அனுப்பினார். அதோடு சரி. அவருக்கு நிற்க நேரமிருக்காது. ஹெல்கா "பவானீ!" என்று கத்துவார், இவர் உள்ளிருந்து "வாறன்!" என்று தமிழிலேயே பதில் கொடுப்பார். ஹெல்காவுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் அது. அதற்கு அர்த்தம் 'இப்போது வரமுடியாது' என்று அவர் கடைசிவரை நம்பியிருந்தார்.

வியாழக்கிழமை. வெளியே மழை, உள்ளே கூட்டம். இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். காலி கிளாஸை வைத்துக்கொண்டு மேசையை அடைத்திருக்கிறோமே என்று கூச்சமாகி, கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இரண்டு கையிலும் தட்டோடு வந்த பவானி அக்கா என் முன்னால் நின்றுவிட்டார்.

"என்னத்துக்குத் தம்பி எழும்புறியள்? ஆறுதலா இருங்கோ."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆறுதலா இருங்கோ! எப்படியோ இவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாளில் என்னிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்ன முதல் ஆள். டை நனைகிற அளவுக்கு அழுதேன். பக்கத்து மேசைக்காரர் நாகரிகமாகச் சுவரைப் பார்த்தார். வேலை போனது, டிக்கெட், நாளைய ராஜினாமா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பவானி அக்கா தட்டுகளை என் மேசையிலேயே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சது?"

"எனக்கு வேலை போனது. ஆறுதலா இருன்னு சொன்னீங்களே."

அவர் திகைத்துப் போனார். "ஐயோ, எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி. அவசரப்படாதேங்கோ, மெதுவா இருந்து போங்கோ எண்டுதான் சொன்னனான். நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது."

ஒரே மொழிக்காரர்கள்தான் நாங்கள். அவர் நிதானத்தைச் சொன்னார், நான் தேறுதலை வாங்கிக்கொண்டேன். அழுத முகத்தோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"மனிசிக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லக்கா."

"இப்பவே எடுத்துக் கதையுங்கோ. நாளைக்கு எண்டால் பேந்து ஒண்டும் செய்ய ஏலாது."

"பவானீ!" என்று ஹெல்கா கத்தினார். "வாறன்!" என்றார் அக்கா. நான் போன் பேச எழுந்து போகும்வரை அவர் அசையவில்லை.

கழிப்பறைக்குப் போகும் நடையில் சுவரில் ஒரு போன் இருந்தது. ஊருக்குப் பேச அப்போது தமிழ்க் கடைகளில் சுரண்டி எண் பார்க்கும் அட்டை விற்பார்கள். என் அட்டையில் மிச்சம் கொஞ்சம்தான். சுமதி பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள்.

"வேலை போயிருச்சு சுமதி."

பின்னால் அவர்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

"எப்ப?"

"மூணு வாரமாச்சு."

"இத்தன நாளும் தனியா வச்சுக்கிட்டிருந்தீங்களா?"

ராஜினாமா வேண்டாம், பயணத்தைத் தள்ளிப்போடு, எனக்கு வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஒன்றும் கோவையாக வரவில்லை. அட்டை தீரப்போகிறது என்று ஒரு குரல் இடையில் புகுந்தது. பதற்றத்தில், புதிதாகக் கற்ற சொல் நாக்கில் முன்னால் வந்து நின்றது. "நீ ஆறுதலா வா, சுமதி" என்றேன். இணைப்பு அறுந்தது.

சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியில் பவானி அக்கா அனுப்பிய உருளைக்கிழங்கை ஒரு பிடி பிடித்தேன். சனிக்கிழமை புது அட்டை வாங்கிப் பேசினேன்.

"லெட்டர் குடுத்துட்டேங்க" என்றாள்.

"என்னது! நான் ஆறுதலா வான்னுதானே சொன்னேன்?"

"ஆமா. அதுக்குத்தான வர்றேன்."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் வராமல் போய்விடுவாளோ என்று இருந்தது. மூடிக்கொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது திண்டுக்கல் தமிழ்தான்.

திங்கட்கிழமை இதைக் கேட்டு பவானி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வரட்டும் தம்பி. வந்தாப் பிறகு ரெண்டு பேரும் ஆறுதலா இருங்கோ." எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சுமதி வந்த மறுநாள் இங்கே கூட்டி வந்தேன். ஜன்னல் மேசைக் கிழவர்கள் மூவரும் அவளைப் பார்த்ததும் மேசையைத் தட்டினார்கள். "ஏங்க, நாம வந்தது பிடிக்கலையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் தன் மேசையைத் தானும் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே. அவள் வந்த பிறகு நான் டை கட்டுவதை விட்டேன், வீட்டுக்காரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு கேக் செய்து கொடுத்தார். கெடு முடிவதற்குள் ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்தது. பவானி அக்கா ஸ்டேஷனுக்கு வந்து, ஒரு டப்பா நிறையப் பச்சைச் சாஸ் கொடுத்து வழியனுப்பினார்.

சில வருஷத்தில் பவானி அக்கா குடும்பத்தோடு லண்டன் போய்விட்டார். போன் எண் மாறியது, தொடர்பு விட்டுப்போனது. புகை பிடிக்கத் தடை வந்தது, கிழவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள், ஹெல்கா கடையை விற்றார். போன் இருந்த சுவரில் இப்போது பழைய பிராங்பேர்ட்டின் கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கழிப்பறைக்கு வரிசை என்று நினைத்து ஒருவர் என் பின்னால் வந்து நின்றார்.

திரும்பி வந்தபோது சுமதி இன்னும் பாதி கிளாஸ்கூடக் குடிக்கவில்லை. பரிமாறும் பெண் வந்தாள். சிரித்த முகம், மரியாதையான பேச்சு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மணியிலிருந்து இந்த மேசை வேறு ஆட்களுக்கு ஒதுக்கியிருக்கிறது என்றாள். மேசைமேல் சிறிய அட்டையும் அதையே சொன்னது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

எழுந்தோம். கோட்டுக்குள் கையை நுழைக்க நான் வேண்டுமென்றே நேரமெடுத்துக்கொண்டேன். சுமதியும் பையைத் திறந்து திறந்து மூடினாள். இரண்டு பேரும் அடுக்களைக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னத்துக்கு எழும்புறியள் என்று கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை.