ஒட்டகத்திடமிருந்து வந்த அம்மை

"ஒட்டகத்துக்கு அம்மை போட்டிருந்துச்சாமுங்க. உங்கண்ணன் முத்தங்குடுத்து வாங்கிட்டு வந்துட்டாராம்!"

டீக்கடையில் யாரோ சொன்னதை அண்ணன் ஊரான நாமகிரிப்பேட்டையில் வாடகைக் கார் ஓட்டும் அங்கமுத்து போனில் சொல்லிச் சிரித்தார். மஸ்கட்டில் இருக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின்.

அண்ணன் வேலுமணிக்கு இருபத்தாறு வருடமாக லாரிதான். பின்னால் ஓர் உயிர் பட்டினியாக நின்றால் அவருக்கு ஸ்டீயரிங் ஓடாது. போன மாதம் மேட்டூர்ப் பக்கம் ஒரு பொருட்காட்சிக்கு ராஜஸ்தானிலிருந்து இரண்டு ஒட்டகங்களை ஏற்றி வந்தார். ஒன்றுக்கு உதடெல்லாம் கொப்புளம், தீனியைத் தொடவில்லை. கயிறு உராய்ந்து புண்ணான கையாலேயே வெல்லத்தைக் கரைத்து ஊட்டியபடி வந்திருக்கிறார். பத்தாம் நாள் அவர் விரல்களில் கொப்புளம்.

அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணி கண்ணாத்தாள் எடுத்தார்.

"வாசல்ல வேப்பந்தழை கட்டியாச்சு சாமி. மருந்து, மாத்தரை ஒண்ணும் கெடையாது."

"இன்சுலின்?"

"ஆத்தா ஊட்டுல இருக்கறப்ப ஊசி குத்தலாமுங்களா? நிறுத்தி நாலு நாளாச்சு. மூணாந்தண்ணி ஊத்தி ஆத்தா எறங்கட்டும், அப்பறம் பாக்கலாம்."

அண்ணன் போனை வாங்கினார். "ஒட்டகத்தோட வந்தவ, வாடகை குடுக்காம எங்கிட்டயே தங்கிட்டாடா." நாக்கு வறண்டு பேச்சு ஒட்டியது.

தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டேன். "ஒட்டக அம்மை வைரஸ். பழைய பெரியம்மைக்குச் சொந்தக்காரன். மனுசனுக்கு அபூர்வமா ஒட்டும், பெரும்பாலும் கையோட நின்னுரும். ஆனா இன்சுலினை ஏங்க நிறுத்துனாங்க? அதுதான் ஆளையே கொண்டுபோயிரும்."

மறுபடி அண்ணியை அழைத்தேன்.

"தண்ணி, தண்ணிங்கறாரு. குடிச்சதெல்லாம் வாந்தி. ஆத்தாளோட உக்கிரம்."

"உக்கிரமில்லைங்க அண்ணி, சர்க்கரை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நீங்க அங்கிருந்து சொல்லிருவீங்க. ஆத்தா கோவிச்சுக்கிட்டா நான் ஆரைக் கேக்கறது சாமி? கோயிலுக்குப் போயி உத்தரவு கேட்டுட்டு வாரேன்."

அங்கமுத்துவைக் காரோடு அனுப்பினேன். அரை மணி கழித்து அவரே அழைத்தார்.

"வாசல்ல நிக்கறனுங்க. உங்கண்ணி இன்னும் வரலை. கூப்புட்டுப் பாத்தேன், உள்ள சத்தமே இல்லீங்க."

"உள்ள போங்க!"

"அம்மை ஊட்டுக்குள்ள வெளியாளு… காலு வரமாட்டீங்குதுங்க."

அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டு அண்ணனின் எண்ணை அழுத்தினேன். தலைமாட்டில்தான் போனை வைத்திருப்பார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தியிருக்கிறேன். அடித்துக்கொண்டிருக்கிறது.